தீர்த்தம் தெளித்த வீடு

கரமனை,
கொல்லம் ஆண்டு 1107, துலாம் மாசம் 25

சிரஞ்சீவி பட்டாபிக்கு அம்மா சூடாமணி எழுதிக்கொண்டது.

உன் தங்கை சாவித்ரிக்கு ஜுரம் இறங்கிவிட்டது. மற்றபடி க்ஷேமம் என்று எழுத எனக்கு இஷ்டமில்லை.

நீ எனக்கென்று தனியாக எழுதிய கடிதாசு திங்களன்று வந்தது. பூஜையறை வெள்ளிப் பஞ்சபாத்திரத்தை நீதான் எடுத்துப் போய்ச் சென்னையில் விற்றாயாம், சிநேகிதர்களோடு நாடகம் போட வேண்டியிருந்ததாம், அப்பாவிடம் சொல்லக்கூடாதாம். நல்ல பிள்ளை. சரஸ்வதி பூஜை லீவு முடிந்து நீ ரயிலேறிய பிறகு இங்கே நடந்ததைக் கேள்.

நம் மாட்டுத்தொழுவம் கூட்டுகிற தாசம்மாள்தான் எடுத்தாள் என்று அப்பா தீர்மானித்தார். விசாரிக்காமல் இல்லை. கோர்ட்டு சிரஸ்ததார் அல்லவா? கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவளைப் பத்தடி தள்ளி வெயிலில் நிறுத்தி, ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். எதிராளி பேச்சைக் கேட்காமல் தான் முடிவு சொல்வதில்லை என்று தெருக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அவள் அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"நான் அகத்துக் கேறினா தீட்டுன்னு சொல்றது நீங்கதானே, சாமி? கேறாத நான் எப்படி எடுப்பேன்?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். அப்படியானால் திருட்டோடு உள்ளே நுழைந்த குற்றமும் சேருகிறது என்றார். போலீஸுக்குப் பிராது எழுதிக் கொடுத்தார். மறுநாள் வாத்தியாரை வரவழைத்து மந்திரம் சொல்லி வீடு முழுக்கத் தீர்த்தம் தெளித்தார்கள்.

எட்டு வருஷமாக அவள் தொழுவத்தைத் தாண்டியதில்லை. அது எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. வாத்தியாருக்குப் பாயசம் வேறு பரிமாறினேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

உன் கடிதாசை அப்பாவிடம் காட்டிவிட்டேன். இரண்டு தரம் படித்தார். மடித்து வெந்நீர் அடுப்பில் போட்டார். கொடுத்த பிராதைத் திரும்ப வாங்கினால் கோர்ட்டுக் கச்சேரியில் எந்த முகத்தோடு நடமாடுவது என்று என்னையே கேட்டுவிட்டு, தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

தாசம்மாள் போலீஸ் கொட்டடியில் இருக்கிறாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வழக்கு. அதற்குள் செங்கோட்டை ரயிலைப் பிடித்து வந்து, கோர்ட்டில் நின்று, நான்தான் எடுத்தேன் என்று சொல். உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு என்ன ஆகும் என்று தெரியும். நீ வராவிட்டால் நான் போவேன். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பார்கள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் எனக்கும் இடமிருக்காது.

ஆசீர்வாதம் என்று எழுதித்தான் முடிக்க வேண்டும். கை வரவில்லை, பட்டாபி. அவளை விடுவித்துவிட்டு வந்து வாங்கிக்கொள்.

அம்மா