கடை வாசலில் தொங்கிய பெனர்

மகன் நிப்றாஸ்,

சுபஹ் தொழுதுவிட்டுக் கடைக்குப் போகிறேன். உம்மா இடியப்பமும் சொதியும் மூடி வைத்திருக்கிறா. என்மேல் உள்ள கோபத்தை அதில் காட்டாதே.

நீ ஜனாதிபதி சாரணர் விருது எடுத்த சந்தோசத்தில்தான் உன் சீருடைப் படத்தைப் போட்டு, “பெருநாள் உடுப்புக்கு விசேட விலைக்கழிவு” என்று பெனர் அடித்தேன். “வாப்பா, விருத வச்சி யாவாரம் செய்யேலா, கழட்டுங்க” என்றாய். “எனக்கே சட்டம் கதைக்கிறியா?” என்று நேற்றுக் கத்திவிட்டேன்.

உன் வயதில் நானும் சாரணன்தான். சாரணர்கள் வீடு வீடாய்ப் போய்ச் சின்ன வேலை செய்து நிதி சேர்க்கும் வேலை வாரத்தில் ஒரு வீட்டு முற்றத்தைக் கூட்டிவிட்டு, தந்த காசு காணாது என்று பேரம் பேசினேன். எங்கள் சாரண மாஸ்டர் குணம் சேர், “ஜவுபர், பேரம் பேசுறதெண்டா அந்தச் சட்டையக் கழட்டிப்போட்டுப் பேசு” என்றார். பொடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அவரே எல்லாருக்கும் ஐஸ்பழம் வாங்கித் தந்தார். அந்த நாள் இனி எந்தக் கடையில் கிடைக்கும்?

விருதுவரை நான் போகவில்லை. நீ போயிருக்கிறாய். சொன்னது சரி. கடைக்குப் போனதும் பெனரைக் கழற்றுவேன்.

பத்து மணிக்குச் சின்னப் பொடியன்கள், குருளைச் சாரணர்கள், உன்னிடம் முடிச்சுப் பழக வருவார்கள். புதுக் கயிறு கதவுக்குப் பின்னால் இருக்கிறது. உம்மாவும் வெளியே போவா; நீயும் போனால் சாவியைப் பக்கத்து வீட்டுச் சுஹறா மாமியிடம் கொடு.

வாப்பா

பி.கு.: உன் படத்தை மட்டும் வெட்டி, கடையில் காசு போடும் மேசை லாச்சிக்கு உள்ளே ஒட்டலாம் என்று நினைக்கிறேன். வாற சனத்துக்குத் தெரியாது, எனக்கு மட்டும். அதுவும் கூடாதென்றால் போனில் கோல் எடுத்துச் சொல்லு, கேட்பேன்.