இறுகிப்போன இரண்டு சென்சார்கள்

மார்ச் 4, செவ்வாய்

நாத்தனாரின் காரில் மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிகிறது. புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறவில்லை. கணவன் வீட்டை விட்டு வந்தபோது அவளோடு வந்தது இரண்டு பெட்டியும் இந்தப் பழைய காரும்தான். பதினேழாம் தேதி வேலையில் சேர வேண்டும். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் வேலை. புகைச் சான்றிதழோடு ஓடுகிற வண்டி கையில் இருந்தால்தான் எடுப்பார்கள்.

வேலை கிடைத்தால் அவளுக்கு நல்லது. எனக்கும்தான். இவரிடம் சொல்ல முடியுமா? டம்ளரை எடுத்தாலும் "சாரி அண்ணி", வைத்தாலும் "சாரி அண்ணி". வீட்டில் விருந்தாளி இருப்பது வேறு, விருந்தாளியாகவே ஒருத்தி குடியிருப்பது வேறு.

மார்ச் 6, வியாழன்

ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "ரெண்டு ஆக்ஸிஜன் சென்சாரும் போச்சும்மா. புதுசு போட்டா சரியாயிடும். ஆனா பழசு துருப்பிடிச்சு சைலன்சர் பைப்போட ஒண்ணாயிடுச்சு. கழட்டுனா பைப்புல இருக்குற திருகு மரை பிஞ்சுரும். பைப்போட சேத்து மாத்துறதுதான் நல்லது."

"பைப் எப்ப வரும்?"

"ஒரு மாசம் ஆகும்."

புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் என்று மோந்து பார்த்து எஞ்சினுக்குச் சொல்வதுதான் அந்தச் சாமானின் வேலையாம். விரல் நீளம்கூட இல்லை. அதற்காக ஒருத்தியின் வேலை போக வேண்டுமா?

வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "அந்த வேலைக்கும் எனக்கும் ராசியில்ல போல அண்ணி" என்றாள்.

"நாமளே கழட்டிப் பாப்போம்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியுமா? தெரியாது. என் வாய்க்குப் பூட்டு கிடையாது.

மார்ச் 7, வெள்ளி

சென்சாரைக் கழட்டவென்றே சாக்கெட் என்று ஒரு குழல் ஸ்பானர் இருக்கிறது. சென்சாரின் ஒயர் வெளியே வர ஒரு பக்கம் பிளந்திருக்கும். அதையும் இரண்டு புது சென்சாரையும் வாங்கி வந்தோம். இவர் பார்த்துவிட்டு, "நாத்தனாரும் அண்ணியும் ஒண்ணு சேந்தா ஊரு தாங்காதுன்னு சொல்லுவாங்க. வண்டி தாங்குமா?" என்றார். சாயங்காலமே இரண்டுக்கும் துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஊற வைத்தோம்.

மார்ச் 8, சனி

எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு அணைத்தோம். பைப் இளஞ்சூட்டில் இருந்தால் இரும்பு இளகிக் கொடுக்குமாம். முன்பக்கத்து சென்சார் பானெட்டைத் திறந்தாலே கைக்கு எட்டியது. ரொம்ப நேரம் முரண்டு பிடித்துவிட்டு, கிறீச்சென்று ஒரு சத்தம், வந்துவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் பல் தெரியச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

பின்னது உடும்புப் பிடி. ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, இருவரும் அடியில் படுத்தோம். நான் சாக்கெட்டைப் பிடித்துக்கொள்ள, அவள் இழுத்தாள். வழுக்கியது. சென்சாரின் நட்டு முனைகள் கொஞ்சம் மழுங்கின, அவள் விரல் முட்டியிலும் தோல் போனது. நான் பார்த்தது சென்சாரைத்தான். "நேரா இழுன்னு எத்தன வாட்டி சொல்றது? ஒரு வேலையாவது உருப்படியா—"

பாதியில் நிறுத்திக்கொண்டேன். என்ன பிரயோஜனம், வந்த சொல் வந்ததுதானே. அவள் இந்த முறை சாரி சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஏன் அப்படிக் கத்தினேன்? ரத்தம் வந்தது அவளுக்கு, கத்தினது நான். நல்லாருக்கு நியாயம்.

மார்ச் 9, ஞாயிறு

என்ன சொல்வதென்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள். விரலில் பிளாஸ்திரியோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, நான் நேராத்தான் இழுத்தேன். நீங்கதான் சாக்கெட்ட சாய்ச்சுப் பிடிச்சீங்க."

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வந்து இத்தனை நாளில் என்னோடு அவள் போட்ட முதல் சண்டை. "ஆமா, சாய்ச்சுத்தான் பிடிச்சேன்" என்றேன். உண்மையும் அதுதான். கை ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டேன். "இதெல்லாம் ஒரு காயமா" என்றாள், நர்ஸ் தோரணையில்.

அப்புறம் அவள் சொன்னதுதான் சட்டம். "ஒயர வெட்டிடலாம். எப்படியும் செத்த சென்சார்தானே." வெட்டினாள். ஒயர் போனதும் ரிங் ஸ்பானர் முழுசாக உள்ளே இறங்கிக் கவ்விக்கொண்டது. அதன் பிடியில் நீளமாக ஓர் இரும்புக் குழாயைச் செருகினோம். முதலில் துளி இறுக்கப் பார்த்தோம், பிறகு தளர்த்தப் பார்த்தோம், மறுபடி ஸ்பிரே, மறுபடி முயற்சி. அது இம்மியும் நகரவில்லை.

"இது உங்க குடும்பத்துச் சாமான்தான். உங்க அண்ணன் மாதிரியே. சொன்ன இடத்த விட்டு அசையாது."

அடியில் படுத்தபடியே சிரித்ததில் அவள் வாயில் துரு கொட்டியது. துப்பிக்கொண்டே சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பிலேயே இழுத்தோம். ஸ்பானர் நகர்ந்தது. வழுக்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். வழுக்கவில்லை, சென்சார்தான் கழன்றது.

பைப்பில் மரை முழுசாக இருந்தது. புது சென்சார்களின் மரையில், இனி இறுகாமலிருக்கும் பசையைத் தடவி, முதலில் கையாலேயே திருகினாள். சிக்காமல் ஏறியது.

மார்ச் 14, வெள்ளி

பரிசோதனையில் வண்டி தேறிவிட்டது. இவர் வந்து அடியில் குனிந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நல்லாத்தான் போட்டிருக்கீங்க" என்றார்.

மார்ச் 17, திங்கள்

காலையிலேயே கிளம்பிவிட்டாள். டம்ளர் கழுவாமல் மேஜைமேல் கிடந்தது. நான் கழுவி வைத்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கடையிலிருந்து கிளம்பும்போது நல்ல மழை. எதிரே ஹார்ன் சத்தம். அவள்தான், கடைசி நோயாளியைப் பார்த்துவிட்டு வருகிறாளாம். ஏறி உட்கார்ந்தேன். ஒரு கிழவர் மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்த கதையைச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். பாதியில் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது.

கண் விழித்தபோது வண்டி எங்கள் வாசலில் நின்றது. எஞ்சின் அணைந்திருந்தது. மழையும் விட்டிருந்தது. அவள் சீட்டில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வந்தோம்?"

"கொஞ்ச நேரமாச்சு. நீங்க தூங்குங்க அண்ணி."