சுண்ணாம்பு அடித்த முகங்கள்

மார்ச் 4
அத்தான் ஸ்டுடியோவுக்குப் புதுக் கேமரா வாங்கிவிட்டார். பழையதன் வ்யூஃபைண்டர் துளையில் கண்ணாடி வழியாக ஆளையே பார்ப்பேன். இதில் கண் வைத்தால் உள்ளே ஒரு குட்டி டிவி. ஆள் அதில்தான் தெரிகிறார். எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரத்தில் பழகிவிடுமாம். அக்கா புருஷனாக மட்டும் இருந்தால் சண்டை போடலாம், முதலாளியாகவும் இருக்கிறாரே.

மார்ச் 7
பொய் சொல்லக் கூடாது. நேற்று இருட்டான கல்யாண மண்டபத்தில் படம் எடுக்க, பழையது என்றால் தட்டுத் தடுமாறியிருப்பேன். இதில் எல்லா முகமும் பளிச். படம் எப்படி வரும் என்பது எடுக்கும் முன்பே தெரிகிறது.

மார்ச் 12
சீ.
ஹோட்டல் வரவேற்பு வேலைக்குப் படம் எடுக்க ஒரு பெண் வந்தாள். என்னைப் போல நல்ல கறுப்பு. வ்யூஃபைண்டருக்குள் வெள்ளைச் சுவர் மாதிரி இருந்தாள். கண்ணை எடுத்துப் பார்த்தேன் – கறுப்பு. திரும்ப வைத்தேன் – சுண்ணாம்பு. கேமராவுக்குள் தோலை வெளுக்கும் வசதியை அத்தான் முழுசாக ஏற்றி வைத்திருக்கிறார். அதற்குள் ஒரு படம் எடுத்தாயிற்று. அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்.
"இது யாரு அக்கா? இன்டர்வியூவுக்கு நான்தானே போகணும்?"
அந்த வசதியை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

மார்ச் 13
அத்தான் கண்டுபிடித்துவிட்டார். திரும்பவும் ஏற்றினார்.
"கறுப்பா எடுத்துக் கொடுத்தா எவன் வருவான் நம்ம கடைக்கு?"
அக்கா பக்கத்து மேஜையில் படங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் என்னைவிடக் கறுப்பு. கத்தரிக்கோல் நின்றது. அவர் கவனிக்கவே இல்லை. என்னைப் பார்த்து, உன்னைச் சொல்லவில்லை என்று சமாதானம் வேறு. த்தூ! கேமராவைக் குறை சொல்லி என்ன பயன், அது சொன்னதைச் செய்கிறது.

மார்ச் 14
அக்கா படம் வெட்ட வரவில்லை. நானே வெட்டினேன்.

மார்ச் 19
கடை வாசலில் மாட்ட மாதிரிப் படம் வேண்டுமாம், அக்காவை உட்காரச் சொன்னார். உட்காரும் முன் அக்கா என்னைக் கேமராவுக்கு எதிரே நிற்க வைத்துவிட்டு, வ்யூஃபைண்டரில் கண் வைத்தாள். உள்ளே நான் சுண்ணாம்பாகத்தான் தெரிந்திருப்பேன். கண்ணை எடுத்து அத்தானைப் பார்த்தாள்.
"இப்படி ஒருத்தியைப் பாக்கணும்னுதான் இத்தனை வருஷமா ஆசையா உங்களுக்கு?"
கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். அத்தான் லென்ஸ் மூடியைத் திறந்து திறந்து மூடினார். எனக்குப் பாவமாகக்கூட இல்லை, அருவருப்பாக இருந்தது.

மார்ச் 23
வாசலில் அக்கா படம். அவள் நிறத்திலேயே. எடுத்தது நான், ஆணி அடித்தது அத்தான். எனக்கு இன்னும் அவரோடு முகம் கொடுத்துப் பேசப் பிடிக்கவில்லை. அக்கா கீழே நின்று, கோணலாக இருக்கிறது என்று இறக்கி இறக்கி மாட்டச் சொன்னாள். மாட்டினார்.