படகிலிருந்து ஏற்றும் முறை

நாள் 212, காலை. சனியின் நிலவு டைட்டன், வடகடல் முகாம்.
எழுதுபவர் மெர்சலின், ஆளைக் காற்றில் தூக்கும் பாராசெயில் குடையின் சோதனைப் பொறியாளர். காற்று மிதம். கரையில் ஓடி எழும்பும் முறையை இன்றோடு கைவிட்டோம். போன மாதம் இரண்டு பேரைக் காற்று உறைந்த கரையில் தரதரவென்று இழுத்துப்போனது, ஒருவர் பிழைக்கவில்லை. இனி ஆளைப் படகின் தளத்தில் நிறுத்தி, கயிறு சுற்றும் வின்ச்சிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டு ஏற்றுவோம். ட்ரோன்கள் இந்தக் குளிரில் செத்துவிடுகின்றன. புயல் வருகிறதா என்று மூடுபனிக்கு மேலே போய்ப் பார்க்க ஆள்தான் வேண்டும். பறப்பவர் என் கணவர் சூசை. வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா அவர்.

நாள் 214, மதியம்.
சூசையை ஏற்றிய ஒவ்வொரு தடவையும் பத்திரமாக இறக்கினோம். குடைத்துணியில் வெட்டிய காற்றுத் துளைகளால் ஆட்டம் நின்றுவிட்டது. மேலிருந்து ரேடியோவில் சூசை: “ஏட்டி, தொட்டில்ல கெடக்க மாதிரி இருக்கு. நீயும் ஒருநா வந்து பாரு.” எனக்கு உயரம் ஆகாது என்று தெரிந்தே சீண்டுகிறார்.

நாள் 217, 15:10.
மேகம் திடீரென்று எழும்பியது. ரேடியோவில் இரைச்சல் மட்டும். மேலே பறந்துகொண்டிருந்த சூசை கயிற்றைச் சுண்டினார்.
நாங்கள் இருவரும் தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் குடும்பங்களில் பிறந்தவர்கள். கடலுக்கு அடியில் இருப்பவர் கயிற்றைச் சுண்டினால் படகில் இருப்பவர் யோசிக்கக் கூடாது, இழுக்க வேண்டும். என் கை யோசிக்கவில்லை. வின்ச்சை இழுப்பில் போட்டுவிட்டேன். காற்று வலுத்துக் கயிறு விறைத்து நிற்கும்போது அதைத் தளர்த்திவிட வேண்டும், படகைக் காற்றோடு திருப்ப வேண்டும். அந்த விதியை எழுதியவளே நான்.
கயிறு அறுந்துவிட்டது.

15:40.
குடை கிழியவில்லை. மேகம் அவரை மேலே உறிஞ்சுகிறது. ரேடியோ திரும்ப வந்தது: “மெர்சி, பெல்ட்டெல்லாம் கெட்டியாத்தான் இருக்கு. தொளையும் நல்லா வேல செய்யுது, எழுதிக்கோ. ஒம்மேல தப்பில்ல புள்ள. நாந்தான சுண்டுனேன்.”
படகை முழு வேகத்தில் விடுகிறேன். எட்டவில்லை. ஐயோ, எட்டவில்லை.

18:05.
அவருடைய ஆக்சிஜன் எப்போது முடியும் என்று இருவருக்கும் தெரியும். ரேடியோவில் அவர்: “குளுருது. நீ கரைக்குப் போ.” மாட்டேன் என்றேன். “சொன்னாக் கேக்க மாட்டியே நீ.” சிரித்தார் என்று நினைக்கிறேன்.

19:30.
கூப்பிடுகிறேன், பதில் இல்லை. ரேடாரில் புள்ளி நகர்கிறது. உயரம் குறையவே இல்லை.
இந்தக் குறிப்பை எடுத்துப் படிப்பவர்களுக்கு: மேலிருப்பவர் சுண்டினால் கயிற்றைத் தளர்த்தி விடுங்கள். இழுக்காதீர்கள், எந்த ஊர்ப் பழக்கமானாலும்.
யாரும் விழக் கூடாது என்று நான் தைத்த குடை அது. அவர் இன்னும் விழவில்லை.