மடியில் வைத்த பை

மார்ச் 2, திங்கள்

ஆளுமைக் கோளாறுகள் பற்றிய மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் இருபதாம் தேதி, மாலை ஐந்து மணி. இருநூற்றைம்பது வார்த்தைக்கு மேல் ஒன்று கூடினாலும் படிவம் ஏற்காதாம். நான் எழுதி வைத்திருப்பது நானூற்று முப்பத்தொன்று. ஏற்கெனவே இரண்டு வருடம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "மூணாவது தடவை கதவு திறக்கும்மா" என்கிறார் துறைத் தலைவர். அவருக்கென்ன, சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

மார்ச் 4, புதன்

எங்கள் மனநலத் துறையில் விதி இது: சிகிச்சைக்கு வருகிறவரைப் பற்றி எழுதினால், அவர் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்திருந்தாலும், படிக்கிற யாருக்கும் அவரை அடையாளம் தெரியக் கூடாது. அதனால் இன்று முழுக்க வேஷம் கட்டும் வேலை. அவர் ஆண், பெண்ணாக்கினேன். வயதைக் குறைத்தேன். வேலையை மாற்றினேன். எங்கே போனாலும் அவர் உட்காரமாட்டார், கதவருகிலேயே நிற்பார். யாராவது போகச் சொல்வதற்குள் தானே போய்விட வேண்டும் அவருக்கு. அதற்கு மாற்று கிடைக்காமல் மண்டை காய்ந்தது. பிறகு சட்டென்று வந்தது: "எந்த வீட்டுக்குப் போனாலும் கைப்பையை மடியிலிருந்து இறக்கமாட்டார்." என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 6, வெள்ளி

தங்கையிடம் கொடுத்தேன். பத்திரிகை அலுவலகத்தில் செய்திகளை வெட்டிச் சுருக்குவதுதான் அவள் வேலை. அங்கே அவளுக்குப் பெயரே கத்தரி.

"நானூத்தி முப்பத்தொண்ணா? நீ வணக்கம் சொல்லவே நாப்பது வார்த்தை எடுப்பியேக்கா" என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

மின்னஞ்சலில் வந்துவிட்டது. 248! எங்கே வெட்டினாள் என்றே தெரியவில்லை. அடியில் ஒரு வரி: "என்னை இவ்வளவு கச்சிதமா யாரும் சொன்னதில்ல, டாக்டரம்மா."

என்ன சொல்ல வருகிறாள்? தன் வெட்டும் திறமையைத்தானே? நன்றி என்று பதில் போட்டேன். பூப்படம் ஒன்றும் சேர்த்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஐந்து முறை கூப்பிட்டாயிற்று. எடுக்கவில்லை.

மார்ச் 11, புதன்

மதியம் சிகிச்சைக்கு வர வேண்டிய ஒருவர் வரவில்லை. அந்த அரை மணியில் சுருக்கத்தை எடுத்து, வேறு யாரோ எழுதியதைப் போலப் படித்தேன். முப்பத்தாறு வயதுப் பெண். தனியாக வசிக்கிறார். அச்சகத்தில் வேலை. மனத்தாங்கல் வந்தால், வாங்கிய பரிசுகளையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். கைப்பை எப்போதும் மடியில்.

ஐயோ.

அந்தப் பெட்டி என் அலமாரி மேல்தட்டில் இருக்கிறது. நான் தங்கைக்குக் கொடுத்த கடிகாரம், சால்வை — நாலு வருடமாக.

வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியமாக இல்லை. அப்படியானால் கை ஏன் நேராக அவளிடம் போனது? அவள் என் எதிரில் உட்கார்ந்து பேசும்போதெல்லாம் நான் குறிப்பெடுத்துக்கொண்டா இருந்தேன்? அக்காவாக இருந்தேனா, இல்லையா?

மார்ச் 12, வியாழன்

தங்கை போனை எடுத்துவிட்டாள்.

"எனக்கு என்ன வியாதின்னு பேர் வச்சிருக்கே? அதை மட்டும் சொல்லு, வச்சிடறேன்."

"அது நீ இல்லடி. வேற ஆளு."

"யாரு?"

எப்படிச் சொல்வது? அவள் இல்லை என்று நிரூபிக்க அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

"சரிக்கா" என்று வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மார்ச் 13, வெள்ளி

துறைத் தலைவரிடம் சொன்னேன். சிரித்தார். "இதுக்கா முகத்தைத் தூக்கி வச்சிருக்கே? இருபது வருஷமா நான் எழுதுற எல்லாத்துலயும் என் மச்சான்தான் வர்றான். அவன் எதையும் படிக்கிறதில்ல, அதனால பிழைச்சேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் எல்லோரும் இப்படித்தான் என்றால், மாநாட்டு மேடையில் ஏறுவதெல்லாம் யார்? மச்சான்களும் தங்கைகளுமா?

மார்ச் 15, ஞாயிறு

அவள் வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை, ஒதுங்கி வழிவிட்டாள். மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஏதேதோ உளறினேன். முழுக்கக் கேட்டாள்.

"பையை மடியிலயே வச்சிருப்பான்னு எழுதியிருக்கியே, எங்க பார்த்தே அதை?"

"என் வீட்டுல."

"வேற எங்க?"

யோசித்தேன். பெரியம்மா வீட்டில் அவள் பை வாசலிலேயே கிடக்கும். குழந்தைகள் அதில் கைவிட்டு மிட்டாய் தேடுவார்கள். அவள் அலுவலகத்தில் மேசைக்கு அடியில். இதோ, இங்கே நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது.

"வேற எங்கயும் இல்ல" என்றேன்.

"நீ புது சோபா வாங்கினப்ப ஒருநாள் மழையில வந்தேன். பையை அதுமேல வச்சேன். நீ ஒண்ணும் சொல்லல. துணியை எடுத்துட்டு வந்து துடைச்சே. பேசிக்கிட்டே மூணு தடவை துடைச்சே. அன்னையிலிருந்து மடியிலதான்."

எனக்கு நினைவே இல்லை. சோபா வாங்கி ஏழு வருடம் ஆகிறது.

"அப்போ அந்தப் பெட்டி?"

"அது கோவம்க்கா. கோவத்துக்கெல்லாமா பேர் வைப்பாங்க?"

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவள் மடியில் இருந்த கனம் என் சோபா. இத்தனை வருடம் படித்த படிப்பு எந்த மூலைக்கு? அழுகையாக வந்தது. அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

மார்ச் 20, வெள்ளி

மதியம் அவளே கூப்பிட்டாள். "அனுப்புக்கா, எனக்குச் சம்மதம்தான். ஆனா சோபாவையும் சேர்க்கணும். அது இல்லாம அந்தப் பொண்ணு பாதிப் பொண்ணுதான்."

சேர்த்தேன். 271. வெட்டித் தரச் சொல்லி அனுப்பினேன். "இதுல வெட்ட ஒண்ணுமில்ல" என்று பதில் வந்தது. கத்தரியே சொல்கிறாள்!

திரும்பத் திரும்பப் படித்தேன். இது இப்போது அவருடைய கதையும் இல்லை, முழுக்க அவளுடையதும் இல்லை. கோளாறு யாருக்கு என்று போடுவது? ஐந்து மணிக்குப் படிவம் தானாக மூடிக்கொண்டது. நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வருத்தமா, நிம்மதியா, தெரியவில்லை.

மார்ச் 23, திங்கள்

"அனுப்பிட்டியாம்மா?" என்றார் துறைத் தலைவர். "வார்த்தை கூடிப்போச்சு சார்."

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையிலிருந்து மழை. பதினோரு மணிக்குத் தங்கை வந்தாள். குடையை உதறினாள், சோபா முன்னால் ஒரு நொடி நின்றாள், பிறகு பையை அதன் நட்டநடுவில் வைத்தாள். அடிப்பக்கம் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தாள்.

"டீ போடவா?" என்றேன்.

மூன்று மணி நேரம் இருந்தாள். பெரியம்மாவைப் பற்றி, அவள் அலுவலகத்துச் சண்டைகளைப் பற்றி, ஒன்றுமில்லாததைப் பற்றியெல்லாம் பேசினோம். போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்கும், தொலைபேசி அடித்தது.

"அக்கா, பையை அங்கயே மறந்துட்டேன். பஸ் ஸ்டாப் வந்தப்புறம்தான் ஞாபகம் வருது."

"இங்கதான் இருக்கு. மெதுவா வா."

வந்துகொண்டிருக்கிறாள். பை வைத்த இடத்திலேயே இருக்கிறது. நான் எடுத்து மாட்டவில்லை. துணி சமையலறையில் கிடக்கிறது.