தண்ணீரில் போடாத உறை

தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஈவால்ட் இறந்தபின் அவன் ஆல்பத்தைப் புரட்டினாயாம், கடைசிப் பக்கம் காலியாம். அவன் எனக்கு அனுப்பிய உறையை ஊறவைத்து, தபால்தலைகளை மட்டும் உரித்து அனுப்பச் சொல்கிறாய். முப்பது வருடம் அவனோடு குடித்தனம் செய்தவள் கேட்கிற காரியமா இது? நாற்பத்தெட்டில் பழைய பணம் போய்ப் புதுப் பணம் வந்தபோது பழைய தபால்தலைகள் பத்தில் ஒரு பங்கு மதிப்புக்கு இரண்டே நாள் செல்லுபடியாயின; ஒரு கடிதத்துக்குப் பத்து மடங்கு ஒட்ட வேண்டும். அந்த இரண்டு நாளின் தேதி முத்திரையும் விலாசமும் உள்ள முழு உறையைத்தான் அவன் ஊர் ஊராகத் தேடினான். அது உனக்கும் தெரியும்.

அந்த இரண்டு நாளில் ஒன்றில் எனக்கு அந்த உறையை அனுப்பப் போனபோது காசெல் தபால் நிலையத்தில் நடந்ததை அவனே சொன்னான்.

"கடுதாசி அனுப்புறியா தம்பி, சுவத்துக்குத் தாள் ஒட்டுறியா?" என்று எழுத்தர் சிரித்தாராம்.

"முன்னாடி பின்னாடி எங்க வேணா ஒட்டுறேன் சார். அவ பேரு மட்டும் மறையக்கூடாது."

அடுத்த கோடையில் நீ என் வெள்ளைக் காலணியைப் போட்டுக்கொண்டுதான் அவனைக் கைப்பிடித்தாய். இன்னும் திருப்பித் தரவில்லை.

உறையை முழுசாக, என் பேரோடு அந்தக் கடைசிப் பக்கத்தில் வைப்பாயானால், வந்து வாங்கிக்கொள். பிளம் கேக் செய்து வைக்கிறேன். மனம் வராவிட்டால் பக்கம் காலியாகவே இருக்கட்டும். அவன் அப்படித்தான் விட்டுவிட்டுப் போனான்.

உன் அக்கா