பசை அடைத்த பெட்டியும் உம்முடைய கல்வெட்டும்

உம்முடைய பழைய கம்ப்யூட்டரைப் போட்டதும் சூடேறிய தூசியும் கரப்பான் மருந்தும் கலந்த ஒரு மணம் வந்தது. வெள்ளவத்தைக் கடலின் உப்பு தின்ற காற்றாடி உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி, இருமி, மறுபடி சுற்றியது. அப்போதே எனக்குக் கோபம் தொடங்கிவிட்டது காணும். செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் ஒருவரும் நீர் விட்டுப்போன பெட்டியிலிருந்து எழுதிவைத்த ஒரு கோப்பை வெளியே எடுக்க முயன்றவர்கள் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை உமக்கு முப்பத்தோராம் நாள். அன்றைக்கு வீட்டுக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்க, கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்க வேண்டும். அச்சகத்துக்காரர் வெள்ளி காலைக்குள் தரச் சொல்லிவிட்டார். எங்கள் ஒழுங்கையில், இந்தச் சிறு தெருவில், யார் செத்துப்போனாலும் அவருடைய கதையை எழுதி, தேவாரம் சேர்த்து, படம் வைத்துச் சிறு புத்தகமாக்கிக் கொடுத்தவர் நீர். "தன்ரையையும் எழுதி வைச்சிட்டார் தம்பி. எல்லாம் கொம்பியூட்டரிலை இருக்கு எண்டவர்," என்கிறா உம்முடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவ. வேறு எவர் எழுதியதும் அக்காவுக்கு வேண்டாம். உம்முடைய சொல்தான் வேண்டும்.

பென் டிரைவைக் குத்தி எடுக்கலாம் என்று கீழ்வீட்டிலிருந்து மாடியேறி வந்தேன். குத்த ஓட்டை எங்கே? நினைவிருக்கிறதா, யாரோ கொண்டுவந்த பென் டிரைவோடு வைரஸ் வந்து, ஒழுங்கை திரும்புகிற முடக்கு வீட்டு மாமியின் கல்வெட்டைத் தின்றுவிட்டது. மறுநாளே நீர் பென் டிரைவ் குத்துகிற எல்லா ஓட்டைக்குள்ளும் பசை ஊற்றி அடைத்துவிட்டு, டெங்கை ஒழித்த சுகாதாரப் பரிசோதகர் மாதிரி நின்றீர். "இனி ஒரு பூச்சி உள்ளுக்கை வராது!" ஓம், வராது. உள்ளே இருப்பது வெளியே போகவும் போகாது. மின்னஞ்சலில் அனுப்பலாம் என்றால், பெட்டியின் வயதைப் பார்த்து ஓர் இணையத்தளமும் கதவு திறக்கவில்லை. பம்பலப்பிட்டிக் கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவரிடம் போனில் கேட்டேன். "அண்ணே, டிஸ்க்கைக் கழட்டித் தரலாம். உள்ளுக்கு இருக்கிறது போனா என்னைக் கேக்கப்படாது." அக்கா போனைப் பறித்து வைத்துவிட்டா.

மிச்சம் இருந்தது ரவுட்டர் வழி. நீர் பசை ஊற்றாமல் விட்ட இணைய வயர் ஓட்டை வழியாக இரண்டு கம்ப்யூட்டரையும் அதில் கோத்தேன். என் புதிய மடிக்கணினி உம்முடையதைக் கூப்பிட்டது. அது பதிலும் சொன்னது. ஆனால் கோப்புறையைத் திற என்றால், பாதை கிடைக்கவில்லையாம். காணிச் சண்டை பிடித்த அண்ணன் தம்பி வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்து இருமிக் காட்டுகிற மாதிரி: ஆள் இருப்பது தெரியும், கதை பேச்சு இல்லை.

தேடிப் பார்த்தால் காரணம் இது. உம்முடையதுக்குத் தெரிந்த கோப்புப் பகிரும் முறை ஒன்றே ஒன்று, எஸ்எம்பி முதலாம் பதிப்பு. பாதுகாப்பில்லை என்று புதியவற்றில் அதை அணைத்துவிட்டுத்தான் விற்கிறார்கள். சரி, பாதுகாப்பில்லைதான், அதற்காக என் மடிக்கணினி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? 'இவர் பழையவர், இவருடைய முறையை நான் நிறுத்திவிட்டேன்' என்று மரியாதையாகச் சொன்னால் வாய் உளுத்துப்போகுமா? பாதை இல்லை, பாதை இல்லை என்று மூன்று மணித்தியாலம் என்னை வயரைக் கழற்றிக் கழற்றி மாட்ட வைத்தது. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து, "அவர் இருந்தா இவ்வளவு நேரத்துக்கு முடிச்சிருப்பார்," என்றா. அவர் இருந்தால் கல்வெட்டே தேவையில்லை அக்கா என்று வாய்வரை வந்தது. தேத்தண்ணியோடு விழுங்கினேன்.

மடிக்கணினியின் அமைப்புக்குள் போய்ப் பழைய முறையைத் தற்காலிகமாக இயக்கினேன். இப்போது கடவுச்சொல் கேட்டது. உம்மிடம்தான் அது இல்லையே! முன்பொரு முறை நான் போடச் சொன்னபோது என்ன சொன்னீர்? "எங்கடை வீட்டுக்கை வாறது நீர் ஒராள். உமக்குக் களவெடுக்கவும் தெரியாது காணும்." கடவுச்சொல் இல்லாதவரோடு புதியது புழங்காதாம். அக்காவின் பெயரையே உமக்குக் கடவுச்சொல்லாகப் போட்டேன். கோப்புறை திறந்தது.

அக்கா கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தா. உம்முடைய கல்வெட்டைத் திறந்தால் முதலில் எல்லாம் கிறுக்கலாகத் தெரிந்தது. உம்முடைய பழைய எழுத்துருவையும் இழுத்துப் போட்டதும் தமிழானது. உம்முடைய பெயர். பிறந்த ஊர். தாய் தகப்பன் பெயர். அதற்குக் கீழே அக்காவுக்கு மூன்று சிறு வசனங்கள்தான்: "மிச்சத்தைக் கீழ்வீட்டுக்காரன் எழுதுவான். பொய் சேர்ப்பான். நீ பார்த்து வெட்டு."

கீழ்வீட்டுக்காரன் நான்தான். அக்கா சிரித்தா, ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தரம். பிறகு அழுதா. எனக்கு ஆத்திரம் வந்தது. ஊருக்கெல்லாம் எழுதியவர் தன்னுடையதை மட்டும் என் தலையில் கட்டிவிட்டுப் போவது என்ன நியாயம்? வியாழன் முழுக்க எழுதினேன். பசை ஊற்றிய கதையையும் போட்டேன். 'பொறுமைசாலி' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். அக்கா அதை வெட்டினா. வெள்ளி காலை அச்சுக்குப் போய்விட்டது.

ஆனால் அந்தக் கோப்புறையில் இன்னொன்றும் இருந்ததே, பொல்லாத மனிதரே! என் பெயரில் ஒரு கல்வெட்டு. முழுதாக. இறந்த திகதி மட்டும் வெறுமை. "கூப்பிட்டால் வருவார். வந்து முணுமுணுவென்று புறுபுறுப்பார். வேலையை முடிக்காமல் போகமாட்டார்." நான் எப்போது புறுபுறுத்தேன்? திருத்துவோம் என்று என் மடிக்கணினிக்கு எடுத்துத் தட்டினால், மாற்ற முடியாதாம். வாசிக்க மட்டும் என்று குறித்து வைத்திருக்கிறீர்! அந்தக் குறியை நீக்க ஒரு சொடுக்குப் போதும், எனக்குத் தெரியும். இன்னும் நீக்கவில்லை. வாசிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது காணும். ஒரு நாளைக்கு இரண்டு தரம் வாசிக்கிறேன்.